அரசச் செனாயித்தும் நெருப்புச் செனாயித்தும்

கணினியால் மனிதகுலம் அடைந்த பெருமைகளுள் தலையாயது, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா நகரில் ஒரு பதிவு அலுவலகத்தில் செனாயித் அடைந்த பெருமைதான். காலையில் ஒரே ஆளாக உள்ளே போனவள், மதியம் இரண்டு பேராக வெளியே வந்தாள்.

துபாயில் மகளுக்குப் பேறுகாலம். போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குத் திருமணச் சான்று வேண்டும். கணவன் அதெப்ரிஸையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அலுவலக இயக்குநர் தெமிசேவ் கணினித் திரையைப் பார்த்தார். பிறகு அதெப்ரிஸிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, உங்களுக்கு ரெண்டு சம்சாரம். இந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருய்யா அவ?" என்று எழுந்தாள் செனாயித்.

"அவங்க பேரும் செனாயித்துதாம்மா. அப்பா பேரு, பொறந்த தேதி, வீட்டு நம்பர் எல்லாம் உங்களுதேதான்."

"அப்ப அது நான்தானய்யா!"

இயக்குநர் பெருந்தன்மையோடு விளக்கினார். நாட்டு மொழியான அம்ஹாரிக்கில் 'செ' என்ற எழுத்து இரண்டு உண்டு. அரசன் என்பதற்கான அம்ஹாரிக் சொல்லில் வருவது அரசச் 'செ'. நெருப்புக்கான சொல்லில் வருவது நெருப்புச் 'செ'. வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண். எண் வேறானால் எழுத்து வேறு. எழுத்து வேறானால் ஆளும் வேறு. கல்யாணத்தைப் பதிந்தவர் அரசனைத் தட்டியிருந்தார். அடையாள அட்டை அடித்தவர் நெருப்பைத் தட்டியிருந்தார்.

"கம்ப்யூட்டருக்குக் காது கிடையாதும்மா. அதனாலதான் சிபாரிசு எதுவும் அதுக்குக் கேக்காது."

"ஒரு எழுத்தைத் திருத்திடுங்களேன்."

"திருத்தவா?" இயக்குநர் பதறிவிட்டார். "அந்தம்மா ஒரு 'குடிமகள்'. அழிச்சா அது கொலை!"

'எழுத்து ஒருமைப்பாட்டுக் குழு' உடனே கூடியது. காபி வந்தது, இரண்டாம் சுற்றும் வந்தது. ஒரு மனைவி பதிவிலிருந்து வெளியேற இரண்டே வழி, விவாகரத்து அல்லது மரணம் என்று குழு கண்டறிந்தது.

"விவாகரத்துன்னா ரெண்டாவது அம்மா நேர்ல வரணும்."

"இதோ வந்திருக்கேனே!"

"நீங்க மொதல் அம்மா."

ஆக, மரணம். யாருக்கு? அரசனைக் கொல்வது அலுவலக மரபல்ல; நெருப்பை அணைப்பது எளிது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மனைவியை இழந்த அதெப்ரிஸிடம், "எப்படிப்பட்டவங்க?" என்று பரிவோடு கேட்டார்கள்.

"நல்லவதான். அதிர்ந்து பேசமாட்டா."

"என்னை விடவா?" என்றாள் செனாயித்.

சிரித்துக்கொண்டே இறப்புச் சான்றை வாங்கியவள், அதை இரண்டு முறை படித்தாள். அதில் இறந்தவளின் தந்தை என்று அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. மறுநாள், அலுவலகம் கடமை தவறாமல் செய்தி அனுப்பியிருந்ததால், தெருவில் சாவு வீடுகளுக்கு உதவும் சங்கத்தார் பந்தல் துணியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு அவளே காபிக்கொட்டை வறுத்துக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அரசச் 'செ' போட்ட புது அட்டையோடு கடவுச்சீட்டு அலுவலகம் போனாள். அங்கே எல்லாம் ஆங்கில எழுத்து. அங்கிருந்த பெண் பெயரைத் தட்டிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எறந்துட்டீங்க."

"எறந்தது நெருப்பும்மா! நான் அரசன்!"

"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதாம்மா."

செனாயித் தெமிசேவிடம் திரும்பி ஓடினாள். மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றபோது கைபேசி ஒலித்தது. துபாயில் பேத்தி பிறந்துவிட்டாள். தனியாகப் பெற்றெடுத்த மகள் அந்த முனையில் அழுதுகொண்டிருந்தாள். செனாயித் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கவலைப்படாதீங்கம்மா, விதியில வழி இருக்கு," என்றார் தெமிசேவ், உண்மையான இரக்கத்தோடு. "எறந்தவங்களைத் திருப்பிக் கொண்டாற முடியாது. ஆனா நீங்க புதுசாப் பொறக்கலாம். பிறப்புப் பதிவு, பக்கத்து ஜன்னல்."

செனாயித் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொறக்குறேன்யா. எந்த எழுத்துல பொறந்தா உங்க கையால சாகாம இருக்கலாம்? அதை மட்டும் குழுவைக் கூட்டிக் கேட்டுச் சொல்லுங்க."