தோர்மோடின் முதுகு

"முதுகா? எப்போலேர்ந்து?" என்று போனில் கேட்டார் குடியிருப்புச் சங்கத் தலைவி ரக்னில்ட்.

"காலைலேர்ந்துதாங்க. குனிஞ்சேன், அப்படியே பிடிச்சிக்கிச்சு" என்று முனகினான் தோர்மோட். மறுகையால் வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டிருந்தான்.

பெர்கன் நகரில் மூன்று வாரம் விடாமல் பெய்த மழை அன்றுதான் நின்றிருந்தது. அந்தச் சனிக்கிழமை பார்த்தா டூக்நாட் வந்து தொலைக்க வேண்டும்? குடியிருப்பே திரண்டு முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள் அது. மாமியார் சாவுக்குப் போகாதவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். டூக்நாடுக்கு வராதவனை மன்னிக்காது. முதுகு பிடித்துக்கொண்டவனுக்கு மட்டும்தான் விலக்கு.

பின்பக்க பால்கனியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கால் நீட்டினான். எட்டு நிமிடம் வெயில் காய்ந்திருப்பான், கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து, "திறந்துதான் இருக்கு" என்று ஈனக் குரல் கொடுத்தான்.

மீன் சூப்புப் பானையோடு ரக்னில்ட் வந்தார். "வீட்டுக்குள்ள எதுக்குப்பா கறுப்புக் கண்ணாடி?"

"வலி கண்ணுக்கு ஏறிடுச்சுங்க."

"ஐயோ பாவம்!"

அவர் போன கையோடு மூன்றாம் மாடி ஹல்வார் தாத்தா, வயசானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற நடைவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "என் பொண்டாட்டியோடது. அவ போனப்புறம் சும்மாத்தான் கெடக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்கோ."

செத்தவள் சாமானை எப்படி வேண்டாம் என்பது? திங்கட்கிழமை அதைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனான். செவ்வாய்க்கிழமை பஸ் கிளம்புவதைப் பார்த்ததும் வண்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசற்படியில் பாய்ந்தான். எதிரே ரக்னில்ட் வந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பாதிப் படியில் பொத்தென்று விழுந்தான்.

"இந்தப் படிதான் உன்னைக் கொல்லுது!" என்று பதறினார் ரக்னில்ட்.

சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: சனிக்கிழமை சிறப்பு டூக்நாட். தோர்மோடுக்காக வாசலில் சரிவுப் பாதை கட்டுவது.

"அதெல்லாம் வேணாங்க, தானா சரியாயிடும்!" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"எவ்வளவு பொறுமைசாலி பாரேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மழை கொட்டியது. தோர்மோட் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தான். பதினோரு பேர் நனைந்துகொண்டே பலகை அறுத்தார்கள். அறுபத்தெட்டு வயது ரக்னில்ட் தோளில் ஒரு கட்டையைச் சுமந்து வந்தார். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னால் இந்தக் குடியிருப்பில் இனி யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஆயுளுக்கும் நொண்ட வேண்டும்.

நடைவண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று ஓடி இறங்கினான்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க! முதுகு கல்லு மாதிரி இருக்கு! வெயில்ல படுக்கறதுக்காகப் பொய் சொன்னேன். நான் மனுஷனே இல்ல!"

எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. தோர்மோடுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வண்டியை இறக்கி வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பாதையைப் பார்த்தான்.

"ஆமா, யாரு இந்த ஆணிய இப்படிக் கோணலா அடிச்சது? ரக்னில்ட், சுத்தியல அப்படியா பிடிப்பாங்க? எல்லாப் பலகையும் கழட்டுங்க. முதல்லேர்ந்து நான் சொல்றபடி செய்யலாம்."

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹல்வார் தாத்தா நடைவண்டியை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினார்.

"பொய்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. நீ இல்லாததாலதான் போன சனிக்கிழமை முற்றத்து வேலை பதினோரு மணிக்கே முடிஞ்சுது. இனிமேலும் நீ நோயாளியாவே இருக்கணும்னுதான் நாங்க இத்தனை பாடுபடறோம், கெடுத்துடாதே."