நாலு வீட்டு ஆட்டுக்கல்

"கார் மேல வரலைங்க. ஜாக்கிதான் கீழ போவுது" என்றாள் பவுனம்மாள்.

ரத்தினவேலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மழையில் காட்டூர் முழுக்கச் சேறு. அவர் திருகத் திருக ஜாக்கி வாசல் மண்ணுக்குள் இறங்கியதே தவிர, கார் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்த கிழட்டு வண்டி அது. இப்போது பிரேக் பிடிக்கவில்லை.

நாளைக்குத் துறையூரிலிருந்து மகள் மாரியாயியைப் பெண் பார்க்க வருகிறார்கள். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே கார் வரும்" என்று ஜம்பமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். போன தை மாதம் வந்த வரன், யாரிடமோ என்னவோ விசாரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. இதுவும் தட்டிப்போகுமோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

"அம்மியைக் கொண்டா!"

அம்மி ஜாக்கிக்கு அடியில் போனது. திருகினார். கார் எழுந்தது! அத்தனை கனமும் தன் ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு எழுவதை அவரே வாய் பிளந்து பார்த்தார். அந்த மெய்மறப்பில் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே இழுத்தாரோ இல்லையோ, கார் முன்னால் உருண்டது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி தடாலென்று விழுந்தது.

பவுனம்மாள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இனிமே நாலு மூலையிலயும் கல்லு நிக்காம நீங்க அடியில போகக்கூடாது."

"நாலு கல்லுக்கு எங்க போறது?"

"ஆட்டுக்கல்லு எதுக்கு இருக்கு?"

அவர்கள் வீட்டு ஆட்டுக்கல் தரையோடு சேர்த்துப் பூசியது. ஆகவே பவுனம்மாள் தெருவில் இறங்கினாள். பொன்னுத்தாய், ஆரிஃபா, அற்புதசாமி, வீரமலை என்று நாலு வீட்டு ஆட்டுக்கல்லும் உருண்டு வந்தன. பிடிக்க ஆள் போதவில்லை. குடையோடு நின்று வேடிக்கை பார்த்த ஒரு பெரியவரையும் ரத்தினவேல் விடவில்லை.

"ஏங்க குடைக்காரரே, பாத்தது போதும், கல்லைப் பிடிங்க!"

யார் வீட்டு விருந்தாளியோ, அவரும் மறுபேச்சில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, அச்சுக்கு அடியில் கல்லைத் தள்ளினார்கள். கடைசிக் கல்லும் உட்கார்ந்தது. நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் கார் அந்தரத்தில் நின்றது.

"தேரு மாதிரில்ல நிக்கிது!" என்றாள் பொன்னுத்தாய்.

ஆரிஃபா குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். "அல்லாவே! எதிர் வீடு தெரியுது!"

ரத்தினவேல் அடியில் புகுந்து பிரேக்கை முறுக்கிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். இனி இறக்க வேண்டியதுதான். ஜாக்கியைத் திருகினார். "கடக்" என்றது. மரை தேய்ந்து, கைப்பிடி வெறுமனே சுற்றியது.

"அப்ப எங்க வீட்டுக் கல்லு?" என்றார் அற்புதசாமி.

"மாவு ஆட்டணுமே!" என்றாள் பொன்னுத்தாய்.

ஊறவைத்த அரிசியும் உளுந்துமாக நாலு வீட்டுச் சட்டியும் பவுனம்மாளின் அடுக்களைக்கு வந்து சேர்ந்தன. மாரியாயி குழவியைச் சுற்ற, ஆரிஃபா மாவைத் தள்ளிவிட, பொன்னுத்தாய் ஊர்க்கதை பேச, உள்ளே ஒரே சிரிப்பு. குடைக்காரருக்கும் ஒரு டம்ளர் காப்பி வந்தது.

வாசலில் ரத்தினவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு பவுனு. கார் அந்தரத்துல நிக்கிது. துறையூர்க்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? நாளைக்கு அவங்க யார்கிட்ட விசாரிச்சாலும் இந்தக் கூத்தைத்தான் சொல்லுவாங்க."

குடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயா யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று அப்போதுதான் கேட்டார் ரத்தினவேல்.

"உங்க வீட்டுக்குத்தான். நான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பொண்ணு வீடு எப்படின்னு அக்கம்பக்கத்துல நாலு வீட்டுல விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க. அந்த நாலு வீடும் உங்க காரைத் தாங்கிட்டு நிக்கிது, இதுக்கு மேல யாரைப் போயி கேக்கறது? நாளைக்கு நாங்க எல்லாரும் பஸ்லயே வந்துடறோம். காரை மட்டும் எறக்கிடாதீங்க, எங்க அக்கா பாக்கணும்."