ஜெனரேட்டரோடு நீங்கள் கிளம்பிப் போன பிறகு

கள்ளிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பரந்தாமன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை முத்தம்மாளின் கணவன் தசரதன் பணிவுடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். பூந்தமல்லியில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்று ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் தெரிகிறது. அதனால் கடிதம். கூரியர்காரர் கையெழுத்துக் கேட்டால் தயவுசெய்து போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது.

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் உங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேடைக்கும் விளக்குக்கும் ஜெனரேட்டரை உபயமாகக் கொடுத்தவர் நீங்கள். பேனரில் அம்மனுக்கு அடுத்தபடியாகப் பெரிதாக இருந்தது உங்கள் படம்தான். அப்படிப்பட்டவரை மேடைக்குப் பின்னால் போகும் வழியில் ஒருவன் மறித்து நிறுத்தினான் என்றால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும். நான் மட்டும் அங்கிருந்திருந்தால் நடந்திருக்காது. நான் அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சியை எடுத்து நடத்திய எங்கள் பெண் அருள்மொழி, உள்ளே போகிறவர்களுக்கு அடையாளமாகக் கட்டிவிட்ட மஞ்சள் பட்டையைப் பந்தியில் உட்காரும்போது நீங்கள் கழற்றி வைத்துவிட்டீர்களாம். காப்புக் கட்டின கையில் பிளாஸ்டிக் எதற்கு என்று நீங்கள் நினைத்தது நியாயம்தான். ஆனால் அந்த செக்யூரிட்டி ஆவடியிலிருந்து வந்தவன், அவனுக்கு உங்கள் முகம் தெரியாது, பேனரையும் அவன் முதுகுப் பக்கம்தான் கட்டியிருந்தார்கள். "பேண்டு இல்லாம உள்ள உட மாட்டேன் சார்" என்று அவன் சொன்னது கைப்பட்டையைத்தான் மச்சான். நீங்கள் உங்கள் பட்டு வேட்டியைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கோயில் திருவிழாவுக்கு வேட்டி கட்டிக்கினு வராம பேண்டு போட்டுக்கினா வருவாங்க? என் கல்யாணத்துக்கே பேண்டு போடாதவன்டா நானு!" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்தா சாமி ஊர்வலத்துக்குப் பேசியிருந்த வாத்தியக்காரர்கள் வர வேண்டும்? "நாங்கதான் பேண்டு" என்றார்களாம், அவன் கதவைத் திறந்து மொத்தப் பேரையும் உள்ளே விட்டுவிட்டான். அவர்கள் எல்லோருமே உண்மையில் பேண்ட் போட்டிருந்ததுதான் உங்களை இன்னும் கொதிக்க வைத்தது என்று சங்கத் தலைவர் செங்கல்வராயன் சொன்னார்.

அப்புறம் நீங்கள் பக்கவாட்டில் ஏறி வந்து அருள்மொழியைப் பிடித்துக்கொண்டீர்கள். "சொந்தத் தாய்மாமனையே வாசல்ல நிக்க வைக்கிற அளவுக்கு ஆயிட்டியா? கூட்டத்த மேய்க்கிறதுக்கு ஒரு பட்டம், அதுக்கு ரெண்டு வருசம் படிப்பு!" என்று நீங்கள் கேட்டது மேடை மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது. அவள் விரலைத் தூக்கிக் காட்டியதை "வாயை மூடு" என்று எடுத்துக்கொண்டீர்கள். காதில் மாட்டியிருந்த கருவியில் விளக்குக்காரன் அவளிடம் அடுத்த பாட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தான் மச்சான். இந்த ஒரு பாட்டு மட்டும் முடியட்டும் என்றுதான் விரலைக் காட்டினாளாம். நீங்கள் பாட்டு முடியும்வரை நிற்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தி, அது நின்றிருந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் சாம்பார் வாளியோடு மெயின் ரோடு வரை பின்னால் ஓடி வந்தேன். கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மனது கொஞ்சம் ஆறும் என்றுதான் எழுதுகிறேன். நான் திரும்பி வந்தபோது மைதானம் முழுக்க இருட்டு. குழந்தைகள் அழ ஆரம்பித்திருந்தன. பின்வரிசை எழுந்து நின்றுவிட்டது. செங்கல்வராயன் தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சும்மா, ஊரு சனம் என்னைக் கிழிச்சுப்புடும்" என்று புலம்பினார். அருள்மொழி அவரிடம், "நீங்க ஒண்ணியும் பேசாதீங்க அங்கிள். அந்தக் கோடி வழில நிக்கிற பைக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்க, ஜனம் போவ வழி ஓணும்" என்றாள். பிறகு ஒரு நாற்காலிமேல் ஏறினாள். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்காத குரல் அது. "யாரும் எந்திரிக்காதீங்க. பசங்கள மடில வெச்சிக்கங்க. போன் லைட்டை மேல காட்டுங்க" என்று அவள் சொன்னதும் பின்வரிசை உட்கார்ந்தது மச்சான், நான் பார்த்தேன். பாட வந்த பெண்ணைக் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டத்தின் நடுவே நிற்க வைத்தாள். கோயில் ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பம்பைக்காரர்களைக் கை கழுவ வைத்து அழைத்து வந்தாள். மைக் இல்லை, கீபோர்டு இல்லை. அந்தப் பெண் அம்மன் பாட்டை வெறும் தொண்டையில் பாடினாள். பம்பை அடித்தார்கள், ஜனம் கை தட்டியது. சாமி புறப்பாடு வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இதில் உங்கள் பேருக்கு ஒரு பங்கமும் இல்லை. கரண்டை நிறுத்தியதே நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "ஜெனரேட்டர்கார அண்ணாத்தே சொல்லி வெச்ச மாரி கரெக்டா ஆஃப் பண்ணாரு சார், சூப்பரு" என்றார். நான் மறுக்கவில்லை.

இவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு என்னால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கலை மேலாண்மையில் முதுகலை என்றால், கிருகப்பிரவேசத்துக்குச் சுவரில் மயில் வரைந்து தருவாளா என்று கேட்டார்கள். கூடப் படித்தவர்களில் ஒரு பெண் அருங்காட்சியகத்தில் இருக்கிறாளாம், ஒரு பையன் ஒரு பாடகர் கூடவே போய் வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டுமென்று பார்த்துக்கொள்கிறானாம். இவள் ஒரு மாதம் வேலைக்குப் போவாள், அடுத்த மாதம் வீட்டிலிருப்பாள். "பாட்றவங்க, ஆட்றவங்க, லைட்டு போட்றவங்க எல்லாரும் சரியான நேரத்துல சரியான எடத்துல நிக்கணும்ல, அதான்ப்பா என் வேலை" என்றாள் ஒருமுறை. "அப்ப பஸ் கண்டக்டர் மாரி" என்றேன். "கிட்டத்தட்ட" என்று சிரித்தாள். அந்தக் கோயில் மைதானத்தில்தான் எனக்கு அது புரிந்தது. புரிந்த அன்றே எல்லாம் முடிந்தும் போனது என்பதுதான் வருத்தம்.

எல்லோரும் போன பிறகு மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை. "மாமா சாப்ட்டாராப்பா?" என்றுதான் கேட்டாள். அவள் இந்த நிகழ்ச்சியை எடுத்ததே உங்களுக்குக் காட்டத்தான் மச்சான். உங்களை மேடையில் ஏற்றி மாலை போடும்போது எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாளாம். நானாகக் கேட்டதால் சொன்னாள்.

மறுநாள் காலையில், "மாமா சொன்ன கம்பெனிக்கே போறேன்ப்பா" என்றாள். கோழிக்கோட்டில் ஒரு நாடகக் குழு, ஊர் ஊராகப் போகும் பயணத்துக்கு மேலாளராக வரும்படி கூப்பிட்டிருந்தது. அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் கோபத்தை விட்டுவிட வேண்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உங்கள் நண்பருடைய கம்பெனி கொள்முதல் பிரிவில் திங்கட்கிழமை சேர்ந்துவிடுவாள். இனி மேடை, விளக்கு என்று எதுவும் கிடையாது, நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியோடு சாப்பிட வாருங்கள். அவள் உங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வாள். முத்தம்மாள் உங்களுக்காக வஞ்சிரம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அண்ணிக்கு என் வணக்கம். அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அம்மன் அருளால் நோய் நொடியின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தசரதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் உள் அறையைக் கை காட்டினாள். அருள்மொழி திங்கட்கிழமைக்கு வேண்டிய சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோழிக்கோட்டுக்காரங்க வேற ஆளப் போட்டுட்டாங்களாம்மா?" என்றேன்.

"தெரிலப்பா. இன்னா திடீர்னு?"

"ஒரு வாட்டி கேட்டுப் பாரேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மாமாவுக்கு இன்னாப்பா பதில் சொல்லுவ?" என்றாள். "அத்த நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஃபோன் போட்டுக் கேட்டதில், மேலாளர் இடத்துக்கு ஆள் வந்துவிட்டாராம். இவள் அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். உதவியாளராக வேண்டுமானால் வரலாம் என்றார்கள், போகிறேன் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை ரயில். ஆகவே மேலே நான் பொறுப்பு என்று எழுதியதிலிருந்து காலில் விழுவது வரை எதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். வேறு கடிதம் எழுதுவதுதான் முறை, மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. மன்னிப்புக் கேட்டது மட்டும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இருக்கமாட்டாள். நீங்கள் அவசியம் வாருங்கள். திட்டுவதற்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.