கெட்டிமேளத்தையே கம்மி பண்ணச் சொன்னவர்

திருவண்ணாமலையில் பாட்டைச் சத்தமாக்கத் தெரிந்த ஒரே மனிதர், ஒருநாளும் சத்தத்தைக் கூட்டு என்று சொன்னதில்லை. அவருடைய நிஜப்பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கே அவர் ‘கம்மி அண்ணன்’. தன் கல்யாணத்தில் தாலியைக் கையில் பிடித்தபடி, கெட்டிமேளம் முழங்கும்போது, “தவுல் மட்டும் கொஞ்சம் கம்மி” என்று சைகை காட்டியவர். மாமனார் அதன்பிறகு ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை என்பார்கள்.

செங்கம் ரோட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர். பதிவான பாட்டை சி.டி.யில் ஏற்றும் முன் கடைசியாகச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் கடைக்கு ஒரு ஸ்பீக்கர் கத்தும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி சுமதி ஆறு பக்திப் பாடல்கள் பாடினாள். பத்து வருஷ ஆசை அவளுக்கு. கிரிவலப் பாதை சி.டி. கடைக்காரரோ கறாராகச் சொல்லிவிட்டார்.

“பௌர்ணமிக்கு ஒரு தடவ போட்டுப் பாக்கறேன் சார். பக்கத்து கடை சத்தத்துல அமுங்கிடுச்சுன்னா எடுத்துக்கினு போயிடுங்க.”

அன்றிலிருந்து சுமதிக்குச் சோறு இறங்கவில்லை. கம்மி அண்ணனிடம் ஓடினேன்.

“சத்தம் ஜாஸ்தியா வேணும்ணா.”

“அப்போ கம்மி பண்ணலாம் சார்.”

எனக்குத் தலை சுற்றியது. அவர் திரையைக் காட்டினார். “மிருதங்கத்துல சில அடி மட்டும் கூரைய முட்டிக்கினு நிக்குது பாருங்க. அதனாலதான் மொத்தப் பாட்டும் மேல போவல.”

அந்த அடிகளை மட்டும் தேடித் தேடி மயிரிழை அளவு தட்டித் தாழ்த்தினார். பாட்டுக்கு அடியில் காதுக்கு எட்டாமல் கிடந்த உறுமலை வெட்டினார். பிறகு முழுப் பாட்டையும் கொஞ்சம் உயர்த்தினார். ஒவ்வொரு தடவையும் வெளியே போய், கதவைச் சாத்தி, செருப்புகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து கேட்டார். “உள்ள உக்காந்து கேட்டா எல்லா பாட்டும் நல்லாத்தான் இருக்கும்.”

“இன்னும் ஏத்துங்கண்ணா” என்று நான் விடவில்லை. அவர் அப்படியும் ஒன்று செய்தார். அறையே அதிர்ந்தது, எனக்குப் புல்லரித்தது. உடனே அதைத் தணித்து, தான் முதலில் செய்ததையும் அதையும் ஒரே சத்தத்தில் வைத்தார்.

“இப்ப கேளுங்க. சத்தமா இருந்தா எதுவும் நல்லா இருக்கற மாதிரிதான் தோணும்.”

நான் ஏற்றச் சொன்னதில் சுமதியின் குரலுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வீம்பு யாரை விட்டது? இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

பௌர்ணமி சாயங்காலம் என்னுடையதைத்தான் போடக் கொடுத்தேன். மிருதங்கம் கரகரத்தது. நடந்து வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். கடைக்காரர் நிறுத்திவிட்டார். சுமதி தலை நிமிரவில்லை.

கூட வந்திருந்த கம்மி அண்ணன் முன்னால் போனார். “தப்பான சி.டி. குடுத்துட்டேன்பா. தப்பு என்னுது. இதப் போடு” என்று என் பையிலிருந்ததை எடுத்து நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பக்கத்துக் கடைச் சத்தத்தை விலக்கிக்கொண்டு சுமதியின் குரல் எழுந்தது. வெறுங்காலோடு போனவர்களில் நாலைந்து பேர் நின்றார்கள். “யாருங்க பாடறது?” என்று ஒருவர் கேட்டார். சுமதி அழுதுவிட்டாள். குஷியான கடைக்காரர் சத்தத்தைத் திருகப் போக, கம்மி அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

“கொஞ்சம் கம்மி பண்ணுப்பா. அந்தம்மா மூச்சு எடுக்கறது கேக்க மாட்டேங்குது.”

இன்றும் அந்த சி.டி.யைப் போட்டால் அந்த மூச்சுக்குத்தான் காத்திருப்பேன். வெளியே செருப்புகளுக்கு நடுவே கம்மி அண்ணன் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவேன். அவருக்கு அப்படிக் கேட்டால்தான் பிடிக்கும்.