வேலியண்ணைக்குக் கிடைத்த வேலியில்லா வீடு

சுவிட்சர்லாந்தில் எத்தனையோ எல்லைக் காவலர்கள் இருக்கலாம். வேலியண்ணைக்கு ஈடாக ஒருவரும் இல்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரின் பத்திரிகை தன் பக்கம் நீண்டால்கூட மெல்ல மடித்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு, ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம், லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் வேலியே போடக்கூடாத வீடு கிடைத்தது. நிலம் எவருக்கும் தனிச்சொத்தல்ல, உழைக்கிறவன் பயிரிட்டுச் சாப்பிடட்டும் என்று அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கம் ஆலைத் தொழிலாளருக்குக் கட்டிய குட்டி வீடுகள் அவை. இப்போது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம். ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அடுத்த வீட்டில் நான்.

ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போய் வருவதற்குள் வேலி எழும்பியிருந்தது. தடி நட்டு, வரிச்சுக் கட்டி, அச்சொட்டான யாழ்ப்பாணத்து வேலி. ஊர் முறைப்படி என் பக்கம் ஒரு சாண் தள்ளியும் இருந்தது.

"அண்ணை, என்ன இது?"

"கோவியாதையும் தம்பி. கூடப்பிறந்தவனெண்டாலும் நடுவில வேலி வேணும். அப்பதான் உறவு நிக்கும்."

"என்ர பக்கம் வந்திட்டுதே!"

"தடி சரிஞ்சிருக்கும்," என்றார் கூசாமல்.

திங்கட்கிழமை சங்கத் தலைவி வந்துவிட்டார். வேலியைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும். அண்ணையின் முகம் சுருங்கியது. வருடக்கணக்காக மாடிக் குடியிருப்பில் வாளிக்குள் மிளகாய் வளர்த்தவர். அந்த மண் அவருக்கு உயிர். மொழிபெயர்க்க என்னைத்தான் பிடித்தார்.

"உந்த மனிசியை யாழ்ப்பாணத்தில ஒரு கிழமை இருந்து பாக்கச் சொல்லும். வேலியில்லாட்டி ஆடு வந்து எல்லாத்தையும் மேஞ்சுபோடும்!"

"உங்களை யாழ்ப்பாணத்துக்கு விருந்துக்கு அழைக்கிறார்," என்றேன். தலைவி நன்றி சொன்னார்.

பிறகு அண்ணையின் குரல் இறங்கியது. "ஊரில என்ர காணிக்கு ஆமி முள்ளுக்கம்பி அடிச்சு வைச்சிருக்கு. எனக்கு உள்ள போகேலாது. இஞ்ச எண்டாலும் என்ர கையால ஒரு வேலி போட ஆசைப்பட்டன்."

அதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

தலைவி குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வேலியின் முதல் தடியைப் பிடுங்கி, தோட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நட்டார். "போஞ்சிக்கொடி படரட்டும். பயிருக்கு இங்கே தடையில்லை." அண்ணை மற்றத் தடிகளைத் தானே பிடுங்கத் தொடங்கினார். வீடு தப்பியது.

மாட்டிக்கொண்டது நான்தான். மறுநாளிலிருந்து அண்ணை என் வீட்டு வாசலால் வந்ததே இல்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்தால் நடந்து நேரே என் குசினிக்குள் நுழைந்து, கேட்காமலே கேத்தலை அடுப்பில் வைப்பார். என் தேயிலை சரியில்லை என்று சத்தமாகக் குறையும் சொல்வார். இந்த மனிதருக்கு நானே ஒரு மதில் கட்டிக் கொடுக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

போன கோடையில் ஃப்ரிபூர்க்கில் இருக்கும் தன் மகளோடு சில நாள் நின்றார். அவர் திரும்பும்வரை குசினிக் கதவைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை.