கரும்பொருளுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

நல்ல செய்தியை வாய்க்குள் அடக்கி வைப்பது மூச்சை அடக்குவதைவிடக் கடினம். வாழ்நாள் முழுவதும் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்தவன் நான். சரிபார்க்காமல் எதையும் சொல்லாதே என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அந்த நான்தான் என் மகளுக்கு வேட்டு வைக்கப் பார்த்தேன். (பார்த்தேன் என்ன, வைத்தேன்.)

மகள் பியூலா ஐரோப்பாவில், ஒரு மலைக்கு அடியில் நடக்கும் ஆய்வில் இருக்கிறாள். அங்கே கரும்பொருளைத் தேடுகிறார்கள். விண்மீன் கூட்டங்களைச் சிதறிப்போகாமல் பிடித்து வைத்திருக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. அது ஒளிர்வதில்லை, எதன் மீதும் எளிதில் மோதுவதுமில்லை. அதன் துகள் ஒன்றாவது தப்பித் தவறி மோதாதா என்று ஒரு பெரிய தொட்டி நிறையச் செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி ஊற்றி வைத்துக் காத்திருக்கிறார்கள். மோதினால் ஒரு சின்ன ஒளிப்பொறி தெரியும். இதில் ஒரு விரதமும் உண்டு. தரவுகளின் முக்கியமான பகுதியைத் தாங்களே பார்க்காமல் மூடி வைத்துவிடுவார்கள். ஆசை கண்ணை மறைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கிடும் முறையெல்லாம் முடிவான பிறகே திறப்பார்கள்.

திறந்த அன்று பியூலா வீடியோ அழைப்பில் வந்தாள்.

"ப்பா, எதிர்பாத்தத விடக் கூடுதலாப் பொறி இருக்கு. இன்னும் சரிபாக்கணும், மாசக்கணக்கா ஆகும். குழுவுல எல்லாரும் ஒத்துக்கிடுத வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. ஒங்கட்ட சொல்லுததே தப்பு. யார்ட்டயும் சொல்லிராதிய."

"நான் யார்ட்டம்மா சொல்லப் போறேன்?" என்றேன்.

தயங்கி இன்னொன்றும் சொன்னாள். முடிவு எதுவானாலும் அதை மாநாட்டு மேடையில் அறிவிக்கப் போவது அவள்தான். குழு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சனிக்கிழமை வரை தாங்கினேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் நன்மை நடந்தால் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய் நின்று ஸ்தோத்திரக் காணிக்கை படைப்போம். ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) காரணத்தைக் கேட்டு, சபைக்குச் சொல்லி ஜெபிப்பார். காரணத்தை வெளியே சொல்ல விரும்பாதவர்கள் "குடும்ப நன்மைகளுக்காக" என்று சொன்னால் போதும். என் மனைவி கிரேஸ் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அதையேதான் ஓதிக்கொண்டு வந்தாள்.

"குடும்ப நன்மைன்னு மட்டும் சொல்லணும், கேட்டியளா? வகுப்பு எடுத்திராதிய."

எனக்கு முன்னால் நின்றவர் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தார். அதற்குச் சபை சொன்ன 'ஆமென்' சத்தத்தில் மின்விசிறியே அதிர்ந்தது. ஒரு மாடிக்கே இவ்வளவு என்றால், என் மகள் பிரபஞ்சத்தின் அஸ்திவாரத்தையல்லவா தோண்டிக்கொண்டிருக்கிறாள்!

"என்ன காரியம் சார்வாள்?" என்று ஐயர் மைக்கை நீட்டினார். நான் அதைக் கையில் வாங்கியிருக்கக் கூடாது.

"ஆதி முதல் மறைந்திருந்த கரும்பொருளை ஆண்டவர் என் மகள் பியூலா மூலமாக வெளிப்படுத்திவிட்டார்" என்று தொடங்கினேன். செனானுக்கு வந்தபோது கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரவ செனான் எவ்வளவு குளிர்ச்சியானது என்பதைச் சொல்லாமல் நான் இறங்கவில்லை.

வெளியே செல்லத்துரை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். தச்சநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"சார்வாள், பாப்பாவுக்கு ஏதோ காணாமப் போனது கெடச்சிட்டாமே! எங்கன கெடந்துச்சு?"

"காணாமப் போகல அண்ணாச்சி. இவ்வளவு நாளும் கண்டுபிடிக்க முடியாம இருந்துச்சு."

"அதத்தானவே நானும் சொல்லுதேன். நம்ம கடையில ஒரு எடைக்கல்லு ரெண்டு வருசமாக் காணல. பாப்பாட்ட ஒரு வார்த்த சொல்லி வையும்."

கொரோனாக் காலத்திலிருந்து எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. உலகத்தில் எந்த ஆய்வகக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு திருநெல்வேலிக்காரன் இருப்பான் என்பதும் நினைவில்லை. திசையன்விளையில் இருக்கும் எங்கள் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி, சொந்தக்காரப் பெருமையில் அந்த வீடியோவைத் தன் மகனுக்கு அனுப்பினாள். அவன் இருப்பது அதே கரும்பொருளைத் தேடும் போட்டிக் குழுவில். அவன் கள்ளமில்லாமல் அங்கே நாலு பேரிடம் விசாரிக்க, விசாரணை பியூலாவின் தலைவர் காதுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் அழைத்தாள். அழுது முடித்த குரல்.

"எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டேன்ப்பா. மாநாட்டுல வேற ஆளு பேசப் போறாங்க."

"நான் ஒங்க தலைவருக்கு எழுதுதேன்மா, தப்பு என் மேலதான்னு."

"வேண்டாம்ப்பா. நீங்க இனும எதுவும் எழுதாதிய. எதுவும் பேசாதிய."

பல மாதம் கழித்துச் சரிபார்ப்பு முடிந்தது. கூடுதலாகத் தெரிந்த பொறிகள் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த கதிரியக்கத் தூசியின் வேலை. கரும்பொருள் இல்லை. ஐயரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ஏறெடுத்த ஸ்தோத்திரத்த எறக்க முடியாது சார்வாள்" என்றார். "அடுத்த நன்மைக்கு முன்பணமா இருக்கட்டும்."

பியூலாவுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "நல்ல வேளை, ஒண்ணும் இல்லன்னு மேடையில நின்னு சொல்லுத கஷ்டம் ஒனக்கு இல்ல" என்றேன்.

"கஷ்டமாப்பா? இங்கன தேடியாச்சு, இங்கன இல்லன்னு உறுதியாச் சொல்லணும்னா எவ்வளவு வேல தெரியுமா? அதச் சொல்லத்தான நான் இத்தன வருசம் அந்த மலைக்கு அடியில கெடந்தேன்."

பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கிய மாணவர்களிடம் அதுவும் ஒரு முடிவுதான் என்று நானே சொன்னதுண்டு. சொன்னபோது அதை நான் நம்பவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அதை நம்பி வாழ்ந்திருக்கிறாள்.

இப்போது எங்கள் வீட்டில், எனக்குத் தெரியக் கூடாத செய்திக்குப் பெயர் கரும்பொருள். "அப்பா தூங்கிட்டாங்களா? ஒரு கரும்பொருள் இருக்கு" என்று எங்களோடு இருக்கும் மகன் சமையலறையில் கிசுகிசுப்பான். மருமகள் உண்டாகியிருந்தது தெருவுக்கெல்லாம் தெரிந்த பிறகும் எனக்குத் தெரியாது. பால்காரர்தான் கேட்டார்: "தாத்தா ஆவப் போறியளாமே சார்வாள்?"

நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. மகனே வந்து சொல்லும்வரை, பல வாரங்கள், கிரேஸிடம்கூட வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வெற்றிகரமான பரிசோதனை.

விஷயம் தெரிந்து பியூலா அழைத்தாள். "நெசமாவே யார்ட்டயும் சொல்லலியாப்பா?"

"சொல்லலம்மா."

ஏதோ சொல்ல வருகிறாள் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"சரிப்பா," என்றாள். "போன அம்மாட்ட குடுங்க."