கதவில் ஒட்டிய தத்துவம்

மனிதச் சிந்தனையை வளர்த்தவை இரண்டு: ஒன்று தத்துவம், இன்னொன்று அதற்குப் பத்திரிகை ஒதுக்கும் இடம். டான்யூப் கரையிலுள்ள லோம் நகரில் 'நதிக்குரல்' நாளிதழ் இந்த இரண்டாவது தொண்டைத் தொய்வின்றி ஆற்றிவந்தது.

ஸ்தோய்காவின் கணவர் மெத்தோடி தத்துவ ஆசிரியர். வாழ்நாளெல்லாம் யோசித்து ஒரே வாக்கியத்தை விட்டுப்போனார்: "ஆள்பவரைச் சந்தேகி, எதிர்ப்பவரையும் சந்தேகி, அதற்குமுன் உன்னையே சந்தேகி." அதை ஒருமுறையாவது முழுதாகப் பத்திரிகையில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே ஆசை.

அவர் இறந்த நாற்பதாம் நாள் நினைவுக்கு 'நதிக்குரல்' பெருந்தன்மையோடு வெளியிட்டது: "எதிர்ப்பவரைச் சந்தேகி – மெத்தோடி." ஆறாம் மாதம்: "ஆள்பவரைச் சந்தேகி – மெத்தோடி." இடையில் பத்திரிகை முதலாளி கட்சி மாறியிருந்தார். செத்த பிறகும் ஒருவருடைய கருத்து வளர்கிறதென்றால் சும்மாவா!

ஆண்டு நினைவுக்கு முதல் நாள், பத்திரிகை ஆசிரியர் க்ருமைப் பார்க்கப் போனாள்.

"இந்த வாட்டியாவது முழுசாப் போடுப்பா."

"ஸ்தோய்காக்கா, மூணாவது துண்டு யாருக்கு எதிரானது?"

"படிக்கிறவனுக்கு."

"ஐயையோ, சந்தா கட்டுறவனையா? அதோட இடமும் இல்லக்கா. தயிர் விளம்பரம் வந்திருக்கு."

"உன்னைப் பள்ளிக்கூடத்துல ஃபெயிலாக்கினாரே, அந்தக் கோபமா?"

"தத்துவத்துல மட்டுந்தானக்கா. மத்ததெல்லாம் பாஸு."

இறந்தவர் நினைவுக்குக் கறுப்புக் கட்டமிட்ட தாளை அவர் வீட்டுக் கதவில் ஒட்டுவது ஊர் வழக்கம். மறுநாள் காலையில் ஸ்தோய்கா முழு வாக்கியத்தோடும் ஒரு தாளை 'நதிக்குரல்' அலுவலகக் கதவிலேயே ஒட்டினாள். பக்கத்தில் நின்று, நினைவுநாள் முறைப்படி, சர்க்கரை போட்ட அவித்த கோதுமையை வழங்கினாள்.

கறுப்புக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் படிக்கவில்லை. 'நதிக்குரல்' வளர்த்தெடுத்த வாசகர்கள் அல்லவா! தொப்பியைக் கழற்றினார்கள்.

"பேப்பர் போயிருச்சா? ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுதான கெடந்துச்சு."

"ஆத்மா சாந்தியடையட்டும். அக்கா, இன்னும் ஒரு கரண்டி வைங்க."

க்ரும் பதறி ஓடிவந்தார். "யோவ், நாங்க உயிரோடதான்யா இருக்கோம்!"

"பாவம், துக்கத்துல என்னமோ பேசுறாரு," என்று அவர் கையிலும் ஒரு கிண்ணத்தைத் திணித்தார்கள்.

மறுநாள் தயிரைத் தூக்கிவிட்டு, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: "நாங்கள் சாகவில்லை!" கதவில் இருந்தது என்ன என்பதற்கு ஆதாரமாக, மெத்தோடியின் வாக்கியமும் ஓர் எழுத்துக் குறையாமல் அதன் கீழே. ஸ்தோய்கா அதைக் கத்தரித்துக் கணவரின் நாற்காலிக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

ஊரில் மட்டும் துக்கம் விசாரிப்பது நிற்கவில்லை. 'சாகவில்லை' என்று போட்டிருந்ததைப் படித்தார்கள்தான். ஆனால் போட்டிருந்தது 'நதிக்குரல்' ஆயிற்றே!